மாணவர் விசாவில் இருந்தவர் அமெரிக்க வரிச் சட்டத்தில் எப்போது ‘ரெசிடென்ட்’ ஆகிறார்?

வாசகர் கடிதம்: அமெரிக்காவின் டாலஸ் நகரில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரியும், திருச்சியைச் சேர்ந்த 27 வயது வாசகர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். முதுகலைப் படிப்புக்காக 2021 ஆகஸ்ட் 10 அன்று எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதன்முறையாக அமெரிக்கா சென்ற இவர், 2023 மே மாதம் பட்டம் பெற்று, ஜூலையிலிருந்து ஓபிடியிலும் (படிப்புக்குப் பின் அதே விசாவில் பணிபுரியத் தரும் பயிற்சி அனுமதி), பின்னர் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் படித்தவர்களுக்கான அதன் ஸ்டெம் நீட்டிப்பிலும் பணியாற்றினார். 2025 அக்டோபர் 1 முதல் எச்-1பி என்ற வேலை விசா நிலைக்கு மாறிவிட்டார். 2021இல் வருமானம் இல்லாததால் எதையும் தாக்கல் செய்யவில்லை. 2022க்கு, வளாகத்தில் செய்த பகுதிநேர வேலைக்கான கணக்கைப் பல்கலைக்கழக அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தின் உதவியோடு குடியிருப்பாளர் அல்லாதவருக்கான 1040-என்ஆர் படிவத்தில் சரியாகவே தாக்கல் செய்தார். ஆனால் 2023க்கும் 2024க்கும், ‘183 நாளைத் தாண்டிவிட்டால் நீ ரெசிடென்ட்தான்’ என்று நண்பர் சொன்னதை நம்பி, சந்தையில் கிடைக்கும் மென்பொருள் ஒன்றின் வழியாக, ரெசிடென்டுக்கான 1040 படிவத்தில் தாக்கல் செய்திருக்கிறார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்) வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருக்கின்றன. 2025ஆம் ஆண்டுக்குத் தாம் யார், பழைய தவறுகள் கிரீன் கார்டைப் பாதிக்குமா, பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா, தந்தையோடு கூட்டாக இந்தியாவில் வைத்திருக்கும் ரூ. 18 லட்சம் நிரந்தர வைப்பை என்ன செய்வது என்று கேட்கிறார். அறைத்தோழருக்காகவும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்.

வரி ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு, நீங்கள் அனுப்பிய தேதிகளும் தொகைகளும் தெளிவாக இருப்பதால் பெரும்பாலான கேள்விகளுக்குத் திட்டவட்டமாகவே பதில் சொல்ல முடிகிறது. முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: 2021 முதல் 2025 வரையிலான ஐந்து ஆண்டுகளிலும், எச்-1பிக்கு மாறிய 2025 உட்பட, அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருப்பாளர் அல்லாதவர், அதாவது நான்-ரெசிடென்ட். 2026 ஜனவரி 1 முதல்தான் நீங்கள் ரெசிடென்ட் ஆகிறீர்கள். 2023, 2024 ஆண்டுகளுக்குத் தவறான படிவத்தில் தாக்கல் செய்துவிட்டீர்கள் என்பதும், உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட பெருந்தொகை ஒன்று உங்களுக்குத் திரும்ப வேண்டியது என்பதும் இதிலிருந்தே வருகின்றன.

183 நாள் கணக்கு எங்கே தவறியது

உங்கள் நண்பர் சொன்ன 183 நாள் விதி உண்மையானதுதான். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் ஒருவர், நடப்பு ஆண்டில் குறைந்தது 31 நாட்களும், நடப்பு ஆண்டின் எல்லா நாட்கள், முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்டினால் 183 நாட்களும் அமெரிக்காவில் இருந்திருந்தால், வரி நோக்கில் அவர் ரெசிடென்ட். சப்ஸ்டான்ஷியல் பிரசன்ஸ் டெஸ்ட் என்று இதைச் சொல்வார்கள். நாளின் எந்தப் பகுதியில் இருந்தாலும் அது ஒரு நாள். வந்திறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் கணக்கில் சேரும்.

ஆனால் எஃப் அல்லது ஜே விசாவில் மாணவராக இருந்து, விசா நிபந்தனைகளைப் பெருமளவு பின்பற்றியவரின் நாட்களை முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு எண்ணவே கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. 300 நாள் இருந்தாலும் அவை பூஜ்யம்தான். இந்த விலக்கு நாட்களை எண்ணுவதிலிருந்து மட்டுமே. வருமானத்துக்கு வரி கட்டுவதிலிருந்து அல்ல. ஓபிடியில் முழுநேரச் சம்பளம் வாங்கினாலும் உங்கள் குடிவரவு நிலை எஃப்-1தான் என்பதால், பட்டம் பெற்ற பிறகும் விலக்கு தொடர்கிறது. ‘படிப்பு முடிந்ததும் மாணவர் சலுகை முடிந்தது’ என்று கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல.

ஐந்து ஆண்டுகளை எண்ணும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் இறங்கிய தேதியிலிருந்து அறுபது மாதங்கள் என்று கணக்குப் போடக் கூடாது. ஓர் ஆண்டில் ஒரே ஒரு நாள் மாணவராக அங்கே இருந்தாலும் அந்த நாட்காட்டி ஆண்டு முழுவதும் செலவானதாகக் கொள்ள வேண்டும். ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு டிசம்பர் 29 அன்றே போய் இறங்கும் மாணவர், அந்த மூன்று நாட்களுக்காக ஓர் ஆண்டு விலக்கை இழக்கிறார். (விமானச் சீட்டின் விலை பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.) உங்களுக்கு 2021, 2022, 2023, 2024, 2025 என்று ஐந்தும் 2025 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டன; நீங்கள் கருதுவது போல் 2026 ஆகஸ்டில் அல்ல.

இனி 2025. செப்டம்பர் 30 வரையிலான நாட்கள் எஃப்-1 நாட்கள், எண்ணத் தேவையில்லை. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை எச்-1பியில் 92 நாட்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளிலிருந்து சேர்க்க எதுவுமில்லை. 92 என்பது 183ஐ எட்டாததால் 2025 முழுவதற்கும் நீங்கள் நான்-ரெசிடென்ட். எச்-1பி கிடைத்த அன்றே ஒருவர் ரெசிடென்ட் ஆகிவிடுகிறார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விசாவின் பெயர் அதை முடிவு செய்வதில்லை. நாட்களே முடிவு செய்கின்றன.

2025 கணக்கை ஆண்டின் பிற்பகுதிக்கு மட்டும் ரெசிடென்ட் ஆகத் தாக்கல் செய்யும் முதலாண்டுத் தெரிவு என்ற வழி ஒன்று சட்டத்தில் உண்டு. அதைப் பயன்படுத்த, 2026இல் நீங்கள் மேற்சொன்ன சோதனையில் தேற வேண்டும். 2025இன் 92 நாட்களில் மூன்றில் ஒரு பங்கோடு சேர்த்துப் பார்த்தால், தொடர்ந்து அங்கேயே இருந்தால் ஜூன் 2 அன்று தேறுவீர்கள். அதுவரை காலநீட்டிப்பு வாங்கிக் காத்திருக்க வேண்டும். மணமானவர்களுக்குக் கூட்டுத் தாக்கலுக்கான கதவை இது திறப்பதால் அவர்கள் யோசிப்பதில் பொருள் உண்டு. மணமாகாத உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை, ஏனென்றால் ஒரு பகுதி நான்-ரெசிடென்ட், மறுபகுதி ரெசிடென்ட் என்றிருக்கும் இரட்டை நிலை ஆண்டில், வருமானத்திலிருந்து ஒரு நிலையான தொகையைக் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்காது.

அந்தக் கழிவைப் பற்றி ஒரு சொல். நான்-ரெசிடென்டுகளுக்குப் பொதுவாக அது கிடையாது. இந்திய மாணவர்களுக்கு மட்டும், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வழியாக, ரெசிடென்டுக்கு இணையாக அது கிடைக்கிறது. 2025க்கு மணமாகாதவருக்கு 15,750 டாலர். கல்வியையோ பயிற்சியையோ முடிக்க நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்கே இந்தச் சலுகை என்று அதே பிரிவு வரம்பும் இடுகிறது. ஆண்டின் ஒன்பது மாதங்கள் நீங்கள் ஸ்டெம் ஓபிடியில் இருந்ததால் கோருவதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவம், வேலை அனுமதி அட்டை இரண்டின் நகல்களையும் கோப்பில் வைத்துக்கொண்டு கோருங்கள்.

2023, 2024 கணக்குகளைத் திருத்துவது

திருத்தத்துக்கான 1040-எக்ஸ் படிவத்தோடு சரியான 1040-என்ஆரையும் இணைத்து இரண்டு ஆண்டுகளையும் திருத்த வேண்டும். தொகை எவ்வளவு மாறும் என்பதே உங்கள் பெரிய அச்சமாக இருப்பதால் தனித்தனியே பார்ப்போம்.

2023இல் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற கல்விச் சலுகையில் 2,000 டாலர் வரி குறைத்திருக்கிறீர்கள். நான்-ரெசிடென்டுக்குக் கல்விச் சலுகைகள் இல்லை. அந்த 2,000 டாலரையும் அதற்கான வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும். உங்களைப் போன்றவர்களின் கணக்குகளில் நான் அதிகம் காணும் தவறு இதுதான். மென்பொருள் ‘கல்லூரிக் கட்டணம் கட்டினீர்களா’ என்று கேட்கிறது, கட்டிய மாணவர் ‘ஆம்’ என்கிறார், எந்த விசாவில் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

2024 கணக்கில் விந்தையான ஒன்று நிகழ்கிறது. சேமிப்புக் கணக்கில் வந்த 600 டாலர் வட்டிக்கு உங்கள் 22 சதவீத அடுக்கில் 132 டாலர் வரி கட்டியிருக்கிறீர்கள். நான்-ரெசிடென்டின் சாதாரண வங்கி வைப்பு வட்டிக்கு அமெரிக்காவில் வரி இல்லை. மறுபுறம், வாங்கி ஓராண்டுக்குள் பங்குகளை விற்றுப் பெற்ற 1,800 டாலர் லாபத்துக்கு 22 சதவீதமாக 396 டாலர் கட்டினீர்கள்; கட்ட வேண்டியதோ 30 சதவீதமாக 540 டாலர். நான்-ரெசிடென்ட் ஒருவர் ஓர் ஆண்டில் 183 நாட்களோ அதற்கு மேலோ அமெரிக்காவில் இருந்தால், அவருடைய மூலதன லாபத்துக்கு 30 சதவீதம் வரி. இந்த 183 வேறு, முன்னே பார்த்த 183 வேறு. இங்கே மாணவருக்கான நாள் விலக்கு செல்லாது. உண்மையில் இருந்த நாட்களையே எண்ணுவார்கள். செல்போனில் பங்கு வாங்கி விற்கும் மாணவர்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஆக 2024க்கு ஒரு பக்கம் 132 டாலர் குறைந்து, மறுபக்கம் 144 டாலர் கூடி, நிகரமாக 12 டாலர் கட்ட வேண்டியிருக்கும்.

மாணவர் என்பதால் உங்கள் நாட்களை எண்ணக் கூடாது என்று தெரிவிக்கும் 8843 படிவங்களில் விடுபட்டவற்றையும் இப்போது தாக்கல் செய்யுங்கள்: 2021க்குத் தனியாக, 2023, 2024 ஆண்டுகளுக்குத் திருத்தக் கணக்குகளோடு சேர்த்து. வருமானமே இல்லாத மாணவரும் அளிக்க வேண்டிய படிவம் அது. காலம் தாழ்ந்ததற்காக மாணவருக்குப் பண அபராதம் ஏதும் இல்லை.

கிரீன் கார்டு பற்றிய உங்கள் கவலை இயல்பானதே. ஆனால் ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நீங்கள் தலைகீழாகப் பார்க்கிறீர்கள். வருமானத்தை மறைக்காமல், தவறான படிவத்தில் தாக்கல் செய்தது ஒரு பிழை. வரித்துறை கேட்கும் முன்பே நீங்களாக முன்வந்து திருத்தினால், திருத்தக் கணக்கில் காட்டிய கூடுதல் வரிக்குப் பொதுவாகத் துல்லியக் குறைபாட்டு அபராதம்கூட விதிப்பதில்லை. தகுதியற்ற சலுகையைப் பெற்றதை அறிந்த பிறகும் பேசாமல் இருப்பதே, பின்னாளில் விளக்கம் கேட்கும்போது உங்களைச் சங்கடப்படுத்தும். குடிவரவு விண்ணப்பத்தைத் தயாரிக்கும் வழக்குரைஞரிடம் மூலக் கணக்கையும் திருத்தத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

சம்பளத்தில் பிடித்த ஃபைகா

எஃப்-1இல் உள்ள நான்-ரெசிடென்ட், தம் விசா அனுமதிக்கும் வேலைக்குப் பெறும் சம்பளத்துக்குச் சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதமும் மெடிகேர் வரி 1.45 சதவீதமும் கட்டத் தேவையில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே ஃபைகா என்கிறார்கள். ஓபிடியும் அவ்வாறு அனுமதிக்கப்பட்ட வேலைதான். நீங்கள் தந்த சம்பள விவரப்படி 2023இல் 44,000 டாலருக்கு 3,366 டாலர், 2024இல் 90,000 டாலருக்கு 6,885 டாலர், 2025 செப்டம்பர் வரை 67,500 டாலருக்கு ஏறத்தாழ 5,164 டாலர் பிடித்திருக்கிறார்கள். கூட்டினால் சுமார் 15,400 டாலர். ‘எல்லா ஊழியர்களுக்கும் பிடிப்பதுதான்’ என்று உங்கள் மனிதவளத் துறை சொன்னது உங்கள் விஷயத்தில் தவறு. எச்-1பி தொடங்கிய 2025 அக்டோபருக்குப் பின் பிடித்தது மட்டுமே முறையானது.

‘எதிர்கால ஓய்வூதியத்தில் சேரும்தானே’ என்று அதை விட்டுவிட எண்ணுவதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 40 கிரெடிட்டுகள், அதாவது குறைந்தது பத்து ஆண்டு வேலை வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், நீங்கள் இடையில் ஊர் திரும்பினால் அங்கே கட்டிய காலம் இங்கே எந்தக் கணக்கிலும் சேராது. விட்டுவிட வேண்டிய தொகை அல்ல இது.

முதலில் நிறுவனத்திடம் எழுத்து வழியாகக் கேளுங்கள். அவர்கள் தங்கள் காலாண்டுக் கணக்கைத் திருத்தி உங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம். உங்கள் பெயரில் அவர்கள் கட்டிய சம பங்கும் அவர்களுக்குத் திரும்பும் என்பதால் அவர்களுக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிட மறக்காதீர்கள். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ, படிவம் 843, படிவம் 8316 இரண்டையும் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று), விசா, ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-20, வேலை அனுமதி அட்டை ஆகியவற்றின் நகல்களோடு வரித்துறைக்கே அனுப்பலாம். 2023இல் பிடித்த தொகைக்கான கோரிக்கையின் கடைசி நாள் 2027 ஏப்ரல் 15.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. 2023க்கும் 2024க்கும் வரித்துறையின் பதிவில் நீங்கள் இன்று ரெசிடென்ட். அதை அப்படியே விட்டுவிட்டு, அதே ஆண்டுகளுக்கு நான்-ரெசிடென்ட் என்று சொல்லி ஃபைகாவைத் திரும்பக் கேட்க முடியாது. 2,000 டாலர் சலுகையை வைத்துக்கொண்டு 15,400 டாலரையும் பெறலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். முடியாது, முயலவும் கூடாது. திருத்தக் கணக்கு முதலில், ஃபைகா கோரிக்கை அடுத்து. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இந்திய வைப்பும் ‘என்ஆர்ஐ’ என்ற எண்ணமும்

விமானம் ஏறிய நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் தாம் என்ஆர்ஐ என்று நினைத்திருக்கிறீர்கள். இந்தியாவிலேயே இரண்டு சட்டங்கள் இதை இரண்டு விதமாகக் கேட்கின்றன. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி, வெளிநாடு சென்ற மாணவர்களை வெளிநாடுவாழ் இந்தியராகவே கருதலாம் என்று ரிசர்வ் வங்கி 2003இல் தெளிவுபடுத்தியது. அதன்படி உங்கள் சாதாரணச் சேமிப்புக் கணக்கும் கூட்டு வைப்பும் எப்போதோ, வெளிநாடுவாழ் இந்தியரின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாறியிருக்க வேண்டும். தந்தையை அழைத்துக்கொண்டு வங்கிக் கிளையில் பேசி இப்போதாவது மாற்றிவிடுங்கள்.

வருமான வரிச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2021-22 நிதியாண்டில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 10 வரை 132 நாட்கள் இந்தியாவில் இருந்திருக்கிறீர்கள். 60 நாட்களும் முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்களும் இருந்தவர் ரெசிடென்ட் என்பது விதி. வேலைக்காக வெளிநாடு செல்லும் குடிமகனுக்கு அந்த 60 நாள் 182 ஆக உயர்கிறது. படிப்புக்காகச் செல்பவரை அந்த விலக்கு குறிப்பிடவில்லை. எனவே அந்த ஆண்டு நீங்கள் இந்திய ரெசிடென்ட். 2022 ஜனவரி முதல் மார்ச் வரை வளாக வேலையில் ஈட்டிய 1,500 டாலரும் அந்த ஆண்டின் உலக வருமானத்தில் சேரும். வேறு வருமானம் இல்லாததால் அது அடிப்படை வரம்புக்குள் அடங்கிவிட்டது. வரி ஏதும் எழவில்லை.

அமெரிக்கப் பக்கத்தில், 2025 வரை இந்த வைப்பைப் பற்றி நீங்கள் எதையும் அறிவிக்கத் தேவையில்லை. 2026இலிருந்து உலகில் எங்கே வட்டி வந்தாலும் அங்கே கணக்கில் காட்ட வேண்டும். வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை வைக்கும் என்ஆர்ஈ கணக்கின், இந்தியாவில் வரியில்லாத வட்டியும் இதற்கு விலக்கல்ல. என்ஆர்ஓ வட்டிக்கு இந்தியாவில் கட்டும் வரியை, ஒப்பந்தம் அனுமதிக்கும் 15 சதவீத அளவுக்கு அங்கே கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த மதிப்பு ஆண்டின் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்பார் எனப்படும் ஃபின்சென் 114 அறிக்கையையும் மின்வழியில் அளிக்க வேண்டும். பணம் முழுவதும் அப்பாவுடையது என்பது காரணமாகாது; கூட்டுக் கணக்குதாரராக உங்கள் பெயர் இருந்தால் முழு மதிப்பும் உங்கள் அறிக்கையில் வர வேண்டும். வட்டியும் உண்மையில் அப்பாவுடையதுதான் என்றால், உங்கள் பெயரை அந்த வைப்பிலிருந்து நீக்கிவிட்டு நாமினியாக இருப்பதே எளிது. அதை இந்த ஆண்டே செய்தாலும், 2026இல் சில நாட்கள் பெயர் இருந்ததற்காக 2027 ஏப்ரலில் ஒரு முறை அறிக்கை அளிக்கத்தான் வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டு ஏதும் இருந்தால் தனியே எழுதுங்கள். அமெரிக்க ரெசிடென்டுக்கு அதன் வரிமுறை கடுமையானது, ஒரு பத்தியில் அடங்காதது.

உங்கள் அறைத்தோழரைப் பற்றி

அவரும் 2021இல் வந்தவர், எச்-1பி குலுக்கலில் தேர்வாகவில்லை, இன்னும் ஸ்டெம் ஓபிடியில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘மாணவர் விசாவில் இருக்கும்வரை நான்-ரெசிடென்ட்’ என்ற அவருடைய நம்பிக்கை 2025 வரை அவரைக் காப்பாற்றியது, இனிக் காப்பாற்றாது. 2026 ஜனவரி 1 முதல் அவருடைய நாட்களும் எண்ணப்படும். தொடர்ந்து அங்கேயே இருந்தால் ஜூலை 2 அன்று 183ஐ எட்டுவார், எட்டியதும் ஜனவரி 1 முதலே ரெசிடென்ட் ஆவார். ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அவருடைய சம்பளத்தில் ஃபைகா பிடிக்கப்பட வேண்டும் என்பதை அவர் தம் நிறுவனத்துக்கு இப்போதே தெரிவிப்பது நல்லது. ஆண்டிறுதியில் மொத்தமாகப் பிடித்தால் தாங்குவது கடினம். நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லை என்று மெய்ப்பித்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் விலக்கு கோர வழி இருக்கிறது. ஆனால் கிரீன் கார்டுக்கான நடவடிக்கையை அவருடைய நிறுவனம் தொடங்கிவிட்டதாக நீங்கள் சொல்வதால், அந்த வாதத்தை அவர் முன்வைக்க நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

உங்களுடைய 2025 கணக்குக்கான கடைசி நாள் 2026 ஏப்ரல் 15. சென்ற முறை பயன்படுத்திய மென்பொருளைத் திறக்கும் முன், அது 1040-என்ஆர் படிவத்தைத் தயாரிக்குமா என்று பாருங்கள். பரவலாக விற்பனையாகும் பலவற்றில் அந்த வசதி இல்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. கலிபோர்னியாவுக்கு மாற்றலாகும் வாய்ப்பு வந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அந்த மாநிலம் மத்திய அரசின் வரி ஒப்பந்தங்களை ஏற்பதில்லை.